கடல் கடக்கும் உலர் உணவு

நுழையும்முன்

அப்பளம் நமுத்துப்போனால் சிறிது நேரம் வெயிலில் காயவைத்துப் பொரித்துக்கொள்கிறோம். அதே அப்பளம் ஆயிரக்கணக்கான பொட்டலங்களாகக் கடலைக் கடந்து சென்று, அயல்நாட்டுத் துறைமுகத்தில் நமுத்து நின்றால் என்ன செய்வது? அங்கே காயவைக்க வெயிலும் இராது. திருப்பியனுப்பும் செலவோ பொருளின் விலையை விஞ்சும். பொட்டலமிட்ட உலர் உணவு கப்பலேறிச் செல்லும் முறையையும் வழியில் அதற்கு நேரும் இடர்களையும் இப்பாடம் விளக்குகிறது.

கறை சொல்லும் செய்தி

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள பெலிக்ஸ்டோ துறைமுகத்தை அடுத்த ஒரு கிடங்கு. குளிர்காலக் காலை. தூத்துக்குடியிலிருந்து வந்த சரக்குப் பெட்டகம் ஒன்று அங்கே திறக்கப்படுவதாக எண்ணிக்கொள்வோம். உள்ளே கல்லிடைக்குறிச்சி அப்பளம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி, அரிசிமாவு ஆகியன அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுள்ளன. கதவு திறந்ததும் புழுங்கிய வாடை முகத்தில் அடிக்கிறது. மேலடுக்குப் பெட்டிகளில் வட்டவட்டமாக நீர்க்கறை. சில பெட்டிகளின் மூலைகள் நைந்து தொங்குகின்றன. கடலைமிட்டாய்ப் பெட்டியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது.

பார்ப்பவர் எவரும் கப்பலுக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது என்றே நினைப்பர். ஆனால், சேதத்தை மதிப்பிட வரும் ஆய்வாளர் அவ்வாறு உடனே முடிவு செய்வதில்லை. அவர் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து, கறைபட்ட அட்டையின்மீது சில துளிகள் விடுவார். குப்பியில் இருப்பது வெள்ளி நைட்ரேட் கரைசல். கறையில் கடலுப்பு இருந்தால், அதிலுள்ள குளோரைடுடன் வெள்ளி சேர்ந்து பால்போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றும். வேதியியல் ஆய்வகத்தில் நீங்கள் செய்து பார்க்கும் அதே சோதனைதான். இங்கே வெண்மை தோன்றவில்லை. ஆகவே அட்டையை நனைத்தது கடல்நீர் அன்று, நன்னீர்.

நடுக்கடலில், நான்கு புறமும் எஃகுச் சுவர் கொண்ட பெட்டிக்குள் நன்னீர் எங்கிருந்து வந்தது? தூத்துக்குடியில் பெட்டகத்தின் கதவை மூடும்போது, அந்நீரையும் நாமே உள்ளே வைத்து மூடினோம் என்பதே விடை. உலர் உணவுக்குக் கடலால் வரும் கேடு குறைவு. கரையில் நேரும் கவனக்குறைவால் வரும் கேடே மிகுதி. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காணுமுன், இந்தப் பெட்டகம் வந்த கதையைச் சற்றே பார்ப்போம்.

பானையிலிருந்து பெட்டகத்துக்கு

உலர் உணவைக் கடல்வழி அனுப்புவது தமிழகத்திற்குப் புதிதன்று. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே என்னும் பழந்துறைமுகத்தில் அகழாய்வு செய்தவர்கள், கோயிலொன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியப் பானையில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ கருமிளகைக் கண்டெடுத்தனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அம்மிளகு, அந்த வறண்ட மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகள் உருக்குலையாமல் கிடந்தது. நன்கு உலர்ந்த பொருளை உலர்ந்த இடத்தில் வைத்தால் அது எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புகார்த் துறையில் ஏற்றுமதிப் பொதிகளின்மேல் சுங்கப் பணியாளர் புலி முத்திரை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்று பெட்டகக் கதவில் எண் பொறித்த முத்திரைப்பூட்டு மாட்டுகிறோம். முத்திரை உடையாமல் இருந்தால் உள்ளிருப்பவை மாறவில்லை என்பது அன்றும் இன்றும் ஒரே நம்பிக்கை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சரக்கேற்றும் முறை பெரிதாக மாறவில்லை. மூட்டைகளையும் பெட்டிகளையும் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினர். வ.உ.சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோதும் இதுவே வழக்கம். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்னும் சரக்குந்துத் தொழிலதிபர், 58 பெட்டகங்களை ஏற்றிய 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பொருளைத் தொடாமல் பெட்டியோடு தூக்குவது என்பதே அவருடைய எண்ணம். இன்று உலகெங்கும் ஒரே அளவில் செய்யப்படும் இருபதடிப் பெட்டகத்தின் உட்புறக் கொள்ளளவு ஏறத்தாழ 33 கனமீட்டர். நாற்பதடிப் பெட்டகம் அதைப்போல் இருமடங்கு கொள்ளும். சுங்கச் சோதனை இல்லாவிட்டால், கோவில்பட்டியில் மூடிய கதவை இலண்டனில்தான் திறப்பார்கள்.

இதனால் திருட்டும் உடைசலும் குறைந்தன, கட்டணமும் குறைந்தது. ஆனால், மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பல வாரங்களுக்கு எவரும் பார்க்க இயலாது என்ற புதுச் சிக்கலும் உடன் வந்தது.

பெட்டகத்துக்குள் மழை

சூடான சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் கழித்துத் திறந்தால், மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தொங்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் வறுத்த பொடியையும் சுட்ட முறுக்கையும் ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடைக்கச் சொல்வது இதனால்தான். பெட்டகத்துக்குள் நிகழ்வதும் இதுவே. மூடியின் இடத்தில் எஃகுக் கூரை இருக்கிறது.

வெப்பக் காற்று நீராவியை மிகுதியாக ஏந்தும். குளிர்ந்த காற்று அவ்வளவு ஏந்தாது. 30 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. தூத்துக்குடியின் கடற்காற்றில் வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று கொள்வோம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி துளிகளாகப் படியத் தொடங்கும். இந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பர். நான்கு டிகிரி குறைய ஐரோப்பா வரை போகவேண்டியதில்லை. ஓர் இரவு போதும்.

கப்பலின் மேல்தளத்தில் அடுக்கப்பட்ட பெட்டகத்தின் கூரை பகலில் வெயிலால் காய்கிறது. அவ்வெப்பத்தில் அட்டையிலும் மரத்திலும் உள்ள ஈரம் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. இரவில் கூரை முதலில் குளிர்கிறது. ஆவி கூரையின் உட்புறத்தில் வியர்வையாக அரும்புகிறது. மறுநாள் மீண்டும் சூடு, மீண்டும் குளிர்ச்சி. மத்தியதரைக் கடலைத் தாண்டி வடக்கே செல்லச் செல்லக் கூரை பகலிலும் குளிர்ந்தே இருக்கிறது. உள்ளே நடுவில் அடுக்கிய சரக்கோ தூத்துக்குடியின் வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. வெப்பமான சரக்கிலிருந்து எழும் ஆவி, குளிர்ந்த கூரையில் பட்டுத் துளித்துளியாகச் சேர்ந்து, கப்பல் அசையும்போது மழையாகவே விழுகிறது. கப்பல் தொழிலில் உள்ளவர்கள் இதனைப் 'பெட்டக மழை' என்றே அழைக்கின்றனர்.

இவ்வளவு நீர் காற்றிலிருந்தா வருகிறது? கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபதடிப் பெட்டகத்தில் பாதி இடத்தைச் சரக்கு அடைத்துக்கொண்டால் மீதி 16 கனமீட்டர் காற்று. நாம் மேலே கொண்ட ஈரப்பதத்தில் அதிலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்தாலும் அரை லிட்டர் தேறாது. உண்மையான நீர்த்தொட்டி சரக்கின் அடியில் இருக்கிறது. பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டுகளைத் தொழிலில் 'பேலட்' என்பர். ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. நன்கு காயாத மரமானால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோ, நீராக இருக்கும். இருபதடிப் பெட்டகத்தில் இத்தகைய தட்டுகள் பத்து நிற்கும். ஆக 40 லிட்டர் நீர். அதில் காற்பங்கு வெளிப்பட்டாலும் பத்து லிட்டர். மழைநாளில் திறந்த முற்றத்தில் கிடந்த அட்டைப்பெட்டிகளும், முந்தைய சரக்குக்குப் பின் கழுவிவிட்டு உலராத தரைப்பலகையும் தம் பங்கைச் சேர்க்கும். சரக்கை நனைத்த மழை, வானம் பார்க்காத மழை.

உலர்ந்தது என்பது எது?

உணவிலுள்ள நீரின் அளவை மட்டும் கொண்டு அது கெடுமா, கெடாதா என்று சொல்லிவிட முடியாது. அரிசி 14 விழுக்காடு ஈரத்தோடு பாதுகாப்பாக இருக்கும். நிலக்கடலைப் பருப்போ 7, 8 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். காரணம், கடலையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். எண்ணெய் நீரை ஏற்பதில்லை. எனவே உள்ள நீர் முழுவதும் மீதிப் பாதியில் செறிந்துவிடுகிறது. உணவோடு பிணையாமல், நுண்ணுயிர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் நீர் எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை 'நீர்ச்செயல்பாடு' என்னும் எண்ணால் அளக்கின்றனர். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பூஞ்சணங்கள் 0.70-க்குக் கீழே வளர்வதில்லை, 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. உலர் உணவை ஏற்றுமதி செய்பவர் இந்த எண்ணைக் கரையிலேயே அளந்தறிய வேண்டும்.

நம் மொழியில் இந்த எண் இல்லை. ஆனால் இதன் படிகள் ஒவ்வொன்றுக்கும் சொல் உண்டு. மொறுமொறுப்பு போய்த் துவள்வது நமுத்தல். காற்றோட்டமின்றி வெப்பமும் ஈரமும் சேர்ந்து வாடை எழுவது புழுங்கல். நாரும் தாளும் வலுவிழந்து பொடிவது மக்கல். எண்ணெய்ப் பண்டம் நாட்பட்டுக் கெட்டுவருவது சிக்கு வாடை. சமையலறையில் பிறந்த இச்சொற்கள் சரக்கு ஆய்வறிக்கைக்கும் பொருந்தும் அளவுக்குக் கூர்மையானவை.

நமுத்த அப்பளத்தால் நட்டம் பணத்தோடு முடியும். பூஞ்சணம் பிடித்த கடலை அவ்வாறன்று. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பண்ணைகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் மடிந்தன. நோய் தெரியவில்லை, கிருமியும் அகப்படவில்லை. இறுதியில், பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் காரணம் இருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை அதில் நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்நஞ்சுக்கு அப்பூஞ்சையின் பெயரையே சுருக்கி 'அஃபிளாடாக்சின்' என்று பெயரிட்டனர். மனிதரின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது அது. வறுத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிவதில்லை. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டால் கடலை நல்லதாகிவிடாது.

ஐரோப்பிய ஒன்றியம், நேரடியாக உண்ணத்தக்க நிலக்கடலையில் மொத்த அஃபிளாடாக்சின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்துள்ளது. ஆயிரம் டன் கடலையில் நான்கு கிராம் என்று சொன்னால் இதன் நுண்மை விளங்கும். மிளகாய் முதலிய நறுமணப் பொருள்களுக்கு இவ்வரம்பு 10 மைக்ரோகிராம். இவ்வரம்புகள் ஏழை நாட்டு உற்பத்தியாளர்களுக்கு மிகக் கடுமை என்ற வாதம் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும், ஏற்றுமதிக்கு ஆகாதென ஒதுக்கிய கடலை உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்புவதும் நியாயமன்று. கடலைமிட்டாய் தின்னும் குழந்தை எந்நாட்டில் இருந்தாலும் அதன் கல்லீரல் ஒன்றே.

கதவை மூடுமுன்

நல்ல ஏற்றுமதியாளர் முதலில் சோதிப்பது சரக்கை அன்று, காலிப் பெட்டகத்தை. ஒருவர் உள்ளே சென்று நிற்பார். வெளியிலிருந்து கதவுகளை மூடுவர். இருட்டில் எங்கேனும் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே துளை உண்டு. அந்தப் பெட்டகம் வேண்டாம். பிறகு மூக்கால் சோதனை. முன்பு சாயப்பொருளோ, தோலோ, இரசாயனமோ ஏற்றியிருந்தால் அந்த வாடை மரத்தரையில் தங்கியிருக்கும். அரிசிமாவு பிற வாடையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். தரைப்பலகையின் ஈரத்தை அளக்கக் கையடக்கக் கருவி உண்டு. மூவகைச் சோதனைக்கும் பத்து நிமிடம் போதும். சரக்குந்து காத்திருக்கிறது, துறைமுகக் கெடு நெருங்குகிறது என்ற அவசரத்தில் பலர் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் விட்டுவிடுகின்றனர்.

பொட்டலத்தின் உறையும் முக்கியம். சாதாரணப் பாலித்தீன் உறை நீரைத் தடுக்கும்; நீராவியை முழுவதும் தடுக்காது. பல வாரப் பயணத்தில் ஆவி சிறிது சிறிதாக ஊடுருவும். அலுமினியத் தாள் இடையிட்ட பல்லடுக்கு உறையே பொடிவகைகளுக்கு ஏற்றது. முறுக்கு, காராச்சேவு போன்ற எண்ணெய்ப் பண்டங்களுக்கு ஈரத்தோடு காற்றிலுள்ள ஆக்சிஜனும் பகை. அதனால் உறையில் காற்றை நீக்கி நைட்ரஜனை நிரப்புகின்றனர். கடையில் வாங்கும் வறுவல் பொட்டலம் உப்பியிருப்பது ஏமாற்று வேலை என்று நாம் எண்ணுவதுண்டு. ஓரளவு அது உடையாமலும் சிக்கு வாடை வீசாமலும் காக்கும் ஏற்பாடே.

அடுக்கும்போது பெட்டிகள் பெட்டகச் சுவரை ஒட்டாமல் சிறு இடைவெளி விடுவர். மேலடுக்கின்மேல் நீரை உறிஞ்சும் தாள் விரிப்பர். சுவரோரக் குழிவுகளில் கால்சியம் குளோரைடு நிறைந்த பைகளைத் தொங்கவிடுவர். அவ்வுப்பு தன் எடையைக் காட்டிலும் மிகுதியான நீரைக் காற்றிலிருந்து உறிஞ்சிக் கூழாகச் செய்துகொள்ளும். பை கிழிந்து அந்தக் கூழ் அட்டையில் கசிந்தால், அதிலும் குளோரைடு உள்ளதால் வெள்ளி நைட்ரேட் சோதனை 'கடல்நீர்' என்று பொய்ச்சான்று சொல்லிவிடும். அனுபவமுள்ள ஆய்வாளர் துளி விடுமுன் பைகளை எண்ணிப் பார்ப்பது அதற்காகவே. இத்தனைக்கும் மேலாக, காய்ந்த மரத்தில் செய்த தட்டைத் தேர்ந்தெடுப்பது எல்லாப் பைகளையும்விடப் பயன் தரும்.

அழையா விருந்தாளிகள்

சாக்கிலும் மரத்திலும் ஒளிந்து பூச்சிகளும் கப்பலேறும். நம் நாட்டுக் கிடங்குகளில் காணப்படும் கப்ரா வண்டு, பார்வைக்கு எள்ளளவே இருக்கும். அதன் மயிரடர்ந்த புழு, பெட்டகத் தரையின் விரிசலில் உணவின்றியே பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். பிறகு தானியம் கண்டதும் எழும். 1953-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் இதனைக் கண்டறிந்தபோது, கிடங்குகளை முழுக்கட்டடமாகத் தார்ப்பாயால் போர்த்தி நச்சுப்புகை செலுத்த வேண்டியதாயிற்று. அமெரிக்கா அதை இன்றும் மறக்கவில்லை. நம் நாட்டுப் பயணிகள் பையில் கொண்டுசெல்லும் அரிசியை அந்நாட்டு அதிகாரிகள் பறிமுதல் செய்வதன் பின்னணி இதுவே.

மரத்தட்டுக்கும் உலகளாவிய விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் நிலைக்குமாறு சூடேற்றி, அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தி, கோதுமைக் கதிர் வடிவ முத்திரையை அதில் பொறிக்க வேண்டும். முத்திரையில்லாத தட்டு ஒன்று இருந்தாலும் பெட்டகம் முழுவதும் தடுத்து நிறுத்தப்படலாம். பூச்சிகளைக் கொல்லப் பாஸ்பீன் போன்ற நச்சுவாயுவைச் செலுத்துவதும் வழக்கம். அப்பெட்டகத்தின் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டி, திறந்ததும் காற்றோட்டம் தந்த பின்பே ஆள் உள்ளே செல்ல வேண்டும். அத்தாள் ஒட்டப்படாமல் போனால், தொலைதூரத்தில் கதவைத் திறக்கும் முன்பின் அறியாத ஒரு தொழிலாளியின் மூச்சுக்கே ஊறு நேரும்.

தெரிந்து தெளிவோம்

கப்பல் விபத்து ஒன்று எடைபோடும் விதியை உறுதிப்படுத்தத் துணைநின்றது. 2007-ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சேதமுற்ற 'எம்.எஸ்.சி. நாப்போலி' கப்பல் கரையோரத்தில் தரைதட்டப்பட்டது. அதன் மேல்தளத்துப் பெட்டகங்களைப் பின்னர் எடைபோட்டபோது, ஐந்தில் ஒன்று அறிவிக்கப்பட்ட எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டது. 2016 சூலை 1 முதல் எடை சரிபார்க்கப்படாத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகெங்கும் விதி.

பொட்டலத்தின் பின்புறம்

உள்ளூரில் நாம் பொட்டலத்தின் முன்புறத்தைப் பார்த்து வாங்குகிறோம். அயல்நாட்டுச் சுங்கத்தில் பின்புறத்தைப் படிக்கின்றனர். சிலருக்குச் சில உணவுகள் உயிரைப் பறிக்கும் அளவு ஒவ்வாமையை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அத்தகைய 14 பொருள்வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் பெயரைச் சேர்பொருள் வரிசையில் தனித்துத் தெரியுமாறு அச்சிட ஆணையிட்டுள்ளன. எள், கடுகு, நிலக்கடலை, கோதுமை முதலிய பசையப் புரதத் தானியங்கள் அனைத்தும் அதில் உள்ளன. அமெரிக்காவும் 2023 முதல் எள்ளைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. இட்லிப்பொடியில் எள் சேர்ப்பது நமக்கு இயல்பு. அதைச் சொல்லாமல் விட்டால் அங்கே குற்றம்.

இன்னும் நுட்பமான இடம் பெருங்காயம். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதனை ஒரு சிட்டிகை சேர்த்த சாம்பார்ப்பொடி, பசையப் புரதம் ஒவ்வாதவருக்கு ஆகாது. பருப்பும் மிளகாயும் மல்லியும்தானே என்று எண்ணிப் பட்டியலில் 'பெருங்காயம்' என்று மட்டும் அச்சிட்ட பொட்டலம் சுங்கத்தில் நிற்கும். நிற்காமல் கடைக்குப் போனால் அதைவிடத் தீங்கு. பண்டம் செய்தவருக்குத் தெரிந்த ஒன்று உண்பவருக்குத் தெரியாமல் போவதைத் தடுக்கும் ஒரே கருவி அந்தச் சிறிய எழுத்து வரிசைதான்.

தாள்கள் வேறு பல உண்டு. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண், விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், பிறப்பிடச் சான்று, தேவைப்படும் பொருளுக்குத் தாவர நலச் சான்று என அவை நீளும். அவற்றுள் தலையாயது கப்பல் நிறுவனம் தரும் 'பில் ஆஃப் லேடிங்' என்னும் சரக்கேற்றுச் சீட்டு. வழக்கமாக, அதன் மூலப்படியைக் கையில் வைத்திருப்பவரே சரக்குக்கு உரியவர். பொருளின் பெயர் எம்மொழியில் எப்படி மாறினும் எண் மாறாதிருக்கப் பன்னாட்டுச் சுங்கக் குறியீடு உதவுகிறது. சவ்வரிசி எந்நாட்டிலும் 1903 என்னும் தலைப்பில் அடங்கும்.

சிறு பெட்டியும் பெருங்கடலும்

ஒரு மகளிர் குழு நூறு பெட்டி முறுக்கை அனுப்ப விரும்பினால் முழுப் பெட்டகம் தேவையில்லை. பலருடைய சரக்கைத் திரட்டி ஒரே பெட்டகத்தில் அனுப்பும் முகவர்கள் உள்ளனர். கன அளவு, எடை ஆகிய இரண்டில் எது கூடுதல் கட்டணம் தருமோ அதைக் கொண்டு வாங்குவர். பொதுவாக ஒரு கனமீட்டரும் ஒரு டன்னும் சமமாகக் கொள்ளப்படும். முறுக்கு எடையில் குறைவு, இடத்தில் மிகுதி. ஆகவே அதன் ஓட்டைகளில் உள்ள காற்றுக்கும் நாம் கப்பல் வாடகை கொடுக்கிறோம். வானூர்தியிலும் பருமன் கணக்குண்டு; ஒரு கனமீட்டரை ஏறத்தாழ 167 கிலோவாகக் கொள்வர். விரைவு வேண்டுமானால் வானூர்தி, மலிவு வேண்டுமானால் கப்பல். திரட்டுச் சரக்கில் ஓர் இடர் உண்டு. நம் முறுக்கு எவ்வளவு உலர்ந்திருந்தாலும், அருகில் நிற்கும் வேறொருவரின் ஈர மரத்தட்டு நம்மையும் நனைக்கும்.

தூத்துக்குடியிலிருந்து பெட்டகம் பெரும்பாலும் இணைப்புக் கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெருங்கப்பலுக்கு மாறும். அரபிக் கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் செல்வது வழக்கமான பாதை. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்தது. 2023-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து நாள்களுக்கும் மேலாக நீண்டது. பொட்டலத்தில் 'ஆறு மாதங்களுக்குள் பயன்படுத்துக' என்று அச்சிட்டிருந்தால், கடைக்காரர் கைக்குச் சேரும்போது எத்தனை மாதம் மிஞ்சும் என்பதையும் கரையிலேயே கணக்கிட வேண்டும்.

கடற்காப்பீடு எல்லா இழப்பையும் ஈடுசெய்யும் என்று எண்ணலாகாது. புயல், தீ, தரைதட்டல் ஆகியவற்றுக்கு ஈடு கிடைக்கும். ஈரமாகவே அடைக்கப்பட்ட பண்டம் தானே கெட்டால், அது பொருளின் உள்ளார்ந்த குறை என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிடலாம். கடன் வாங்கிக் கடலை வாங்கி, இரவுபகலாகப் பாகு காய்ச்சி அனுப்பிய சிறு உற்பத்தியாளருக்கு அந்த ஒரு பெட்டகம் ஓராண்டு உழைப்பு. அவருடைய வழக்கு, முதற்பகுதியில் கண்ட அந்த வெள்ளி நைட்ரேட் துளியில் முடிந்துவிடும்.

அதே பெலிக்ஸ்டோ கிடங்கில், அதே குளிர்காலக் காலையில் மற்றொரு பெட்டகத்தைத் திறக்கிறார்கள். இதுவும் தூத்துக்குடியிலிருந்து வந்ததே. முத்திரைப்பூட்டின் எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டு வெட்டுகிறார்கள். உள்ளிருந்து வறுத்த மல்லியின் மணம் வருகிறது. மேலே விரித்த தாள் சற்றே சுருங்கியிருக்கிறது. அதன்கீழ் உள்ள பெட்டியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் ஈரமில்லை. சுவரோரம் தொங்கும் பைகள் மட்டும் புறப்பட்டபோது இருந்ததைவிடப் பெருத்துக் கனத்திருக்கின்றன. தூத்துக்குடிக் காற்றிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்த நீர் அந்தப் பைகளோடு நின்றுவிட்டது. பணியாளர் அவற்றைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அப்பளப் பெட்டிகளை இறக்கத் தொடங்குகிறார்.